ஒன்பது வருசப் பூஜ்யம்

பூஜ்யம்னா என்ன யக்கா? சும்மா சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னுதானே? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒன்பது வருசம் நெனச்சேன். இன்னிக்கு ஒரு ஆபீஸர் முன்னால என்னை நிப்பாட்டி வச்சு, 'பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்லம்மா'ங்காவ. அப்போ என்ன எழவுக்கு அந்தக் காகிதத்துல பூஜ்யம்னு போட்டாவ?

பயப்படாதிய, உங்க மேல கோவமில்ல. பையைத் தூக்கி மடியில வச்சுக்கிடுங்க, நான் இப்படி ஒதுங்கிக்கிடுதேன். இந்த பஸ்ல அம்பாசமுத்திரம் வரைக்கும் போணும். காலையில இருந்து தொழிலாளர் ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணுமாம். கேட்ட கேள்விக்கு மட்டும்னா மனுசிக்கு ஆத்திரம் எப்படி அடங்கும்? நீங்க ஆப்புட்டிய.

என் பேரு சங்கரவடிவு. நர்ஸ். திருநெல்வேலியில ஒரு இருதய ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், அந்தப் பேரைச் சொன்னா எனக்கு வாயி கசக்கும். அங்க கேத் லேப்னு ஒரு ரூம், ஒன்பது வருசமா அதுக்கு நாந்தான் இன்சார்ஜ். நெஞ்சடைப்புன்னு வந்தா கை வழியா, தொடை வழியா ரத்தக் குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பை எடுப்பாவள்லா, அந்த ரூம். கம்பி எங்க போவுதுன்னு தெரியணுமே, அதுக்கு எக்ஸ்ரே ஓடிக்கிட்டே இருக்கும். கை ஒடிஞ்சா எடுக்க எக்ஸ்ரே மாதிரி டக்குன்னு முடியாது. அரை மணி, ஒரு மணி ஆவும். டாக்டர், நான், டெக்னீசியன் ஆவுடையப்பன், எல்லாரும் உள்ளதான் நிக்கணும். மேல ஈயம் வச்ச ஏப்ரான். சாயந்திரம் கழத்துதப்போ தோள்பட்டை ரெண்டும் நம்மளுது மாதிரியே இருக்காது.

அந்த ஏப்ரானுக்கு உள்பக்கம், நெஞ்சுல, ஆளுக்கு ஒரு பேட்ஜ் குத்திக்கிடுவோம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மேல படுத கதிரை அது புடிச்சு வச்சுக்கிடும். மூணு மாசத்துக்கு ஒருக்க எல்லாத்தையும் சேத்து வெளியூர்ல இருக்க லேபுக்கு அனுப்பிருவோம். அவிய அதை மெசின்ல சூடாக்கிப் பாத்து, இன்னாருக்கு இவ்வளவு பட்டிருக்குன்னு ரிப்போர்ட் அனுப்புவாவ. ரூம்ல ஒன்பது பேரு. ஆனா பத்து பேட்ஜ் வரும். பத்தாவதுல ஆள் பேரு இருக்காது, 'கன்ட்ரோல்'னு போட்டிருக்கும். என்னன்னு யாரும் எனக்குச் சொல்லல. நல்லாக் கேட்டுக்கிடுங்க யக்கா, யாரும் சொல்லல.

நான் ஒழுங்குக்காரி. முன்னால இருந்த இன்சார்ஜ் காலத்துல பேட்ஜெல்லாம் கண்ட எடத்துல கிடக்கும். ஒண்ணு சட்டைப் பையில, ஒண்ணு மேசை டிராயர்ல, ஒண்ணு லாண்டரிக்கே போயிட்டு வந்திருக்கு. நான் வந்ததும் ஆசாரியக் கூப்பிட்டு ஒரு பலகை செய்யச் சொன்னேன். பத்து கொக்கி, கீழ பேரு. எக்ஸ்ரே மேசைக்கு நேர் எதுத்த செவத்துல மாட்டினேன், யாரும் மறக்கக் கூடாதுல்லா? அந்தப் பத்தாவதும் அங்கதான், கடைசிக் கொக்கியில. ஆய்வுக்கு வந்தவங்ககூட 'சிஸ்டர், ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க'ன்னு பாராட்டிட்டுப் போனாவ.

ரிப்போர்ட் வரும். ஒன்பது பேருக்கும் பூஜ்யம். அடுத்த மூணு மாசம், பூஜ்யம். ஒன்பது வருசத்துக்கு முப்பத்தாறு ரிப்போர்ட். முப்பத்தாறும் பூஜ்யம். மேனேஜர் தங்கதுரைக்கு அதுல ஒரே பெருமை. லிஃப்டுக்குப் பக்கத்துல இருக்க போர்டுல அதை ஒட்டி வைப்பாரு. எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்லல. எங்க ரூம் சுத்தம்னுதானே அதுக்கு அர்த்தம்?

ஆவுடையப்பனைப் பத்திச் சொல்லணும். முக்கூடல்காரன். இப்போ நாப்பத்தொண்ணு ஆவுது. அந்த ரூமுக்குள்ள அதிகமா நின்னது டாக்டர் இல்ல, நானும் இல்ல, அவன்தான். டாக்டர் மாறி மாறி மூணு பேரு வருவாவ. இவன் ஒருத்தன்தான் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும். கம்பியை எடுத்து நீட்டுததுல அவன் கை மாதிரி கை கிடையாது. டாக்டர் வாயைத் தொறக்கும் முன்னாடி சாமான் கையில இருக்கும். என்னை வடிவக்கான்னுதான் கூப்பிடுவான். பொங்கலுக்குப் பொங்கல் அவன் வீட்டுல இருந்து மஞ்சக் கொலை வந்துரும். கூடப்பிறந்த தம்பி இருந்தாக்கூட அப்படிக் குடுப்பானான்னு தெரியாது.

மேசைக்கு மேல சீலிங்ல இருந்து ஒரு ஈயக் கண்ணாடித் தடுப்பு தொங்கும். முகத்துக்கு நேரா இழுத்து வச்சுக்கிட்டா கண்ணுல கதிர் படாது. அதைத் தாங்குத கம்பிக் கை ஒடிஞ்சு போச்சு. அஞ்சு வருசத்துக்கு முன்னால. கழத்தி ஸ்டோர் ரூம்ல சாத்தி வச்சாவ, இன்னிக்கும் அங்கதான் இருக்கு. ஈயம் வச்ச மூக்குக் கண்ணாடி ரெண்டே ரெண்டு. ரெண்டும் டாக்டருக்கு. ஆவுடை போயி மேனேஜர்ட்ட கேட்டான், "சார், எனக்கும் ஒரு கண்ணாடி வேணும், அந்தத் தடுப்பையும் சரி பண்ணிக் குடுங்க"ன்னு. தங்கதுரை என்ன செஞ்சாரு தெரியுமா? எந்திரிச்சு அவனை லிஃப்டு பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி, அந்த போர்டைக் காட்டி, "ஆவுடையப்பன், இதை வாசிங்க. என்ன போட்டிருக்கு? பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதுக்குய்யா கண்ணாடி?"ன்னாரு.

அவன் மூஞ்சி செத்துப் போயி வந்தான். நான் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன், அதுக்கென்ன இப்போ? "ஏல ஆவுடை, எல்லாரும் பூஜ்யந்தானல. உனக்கு மட்டும் ஏன் இப்படி பயம் புடிச்சு ஆட்டுது? கலியாணத்துக்குப் பொண்ணா பாக்கப் போற, மூஞ்சிக்குக் கண்ணாடி கேக்கே?"ன்னேன். ரூமே சிரிச்சுது. அவனும் சேந்து சிரிச்சான். அதுக்குப் பொறவு அவன் கண்ணாடியைப் பத்திப் பேசவே இல்ல. நான் என்ன கெட்டதா சொன்னேன்? கையில ரிப்போர்ட் இருக்குல்லா. ரிப்போர்ட்டை நம்பாம வேற எதை நம்ப?

போன வருசம் ஆனி மாசம் இருக்கும். பைக்ல வரையில எதுத்தாப்புல வார லைட்டு பூவா விரியுதுன்னான். வெயில்ல வெளிய வந்தா வெள்ளையாத் தெரியுதுன்னான். தூக்கம் பத்தாம இருக்கும்னேன். பொறவு ஒரு நாளு கேஸ் நடுவுல மெல்லிசுக் கம்பியை இன்னொரு குழாய்க்குள்ள கோக்கணும். மூணு தடவை தப்புச்சு. அவனுக்கு அது கண்ணை மூடிக்கிட்டுச் செய்யுத வேலை. டாக்டர் எரிஞ்சு விழுந்தாரு. "என்னய்யா, குடிச்சிட்டு வந்தியா?"ன்னுட்டாரு நோயாளி முன்னாலயே.

கண்ணாஸ்பத்திரியில புரைன்னாவ. ரெண்டு கண்ணுலயும். அதுவும் வில்லைக்குப் பின்பக்கமா வந்திருக்கு. அந்த அம்மா டாக்டர் முத கேள்வியே "என்ன வேலை பாக்கிய?"ன்னுதான் கேட்டாவளாம். கேத் லேப்னு சொன்னதும் பேனாவைக் கீழ வச்சுட்டாவளாம். சக்கரை இருக்கா, இல்ல. ஸ்டீராய்டு மாத்திரை தின்னியளா, இல்ல. "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கதிர் பட்ட கண்ணுல இந்த மாதிரி எடத்துலதான் வரும்"னு எழுதிக் குடுத்திருக்காவ.

அதைக் கொண்டுபோயி மேனேஜர்ட்ட நீட்டினான். ஆப்பரேசன் செலவை ஆஸ்பத்திரி பாக்கணும், ரூமுக்கு வெளிய ஒரு வேலை வேணும். அவ்வளவுதான் கேட்டான். தங்கதுரை முப்பத்தாறு ரிப்போர்ட்டையும் எடுத்து மேசையில அடுக்கினாரு. "உமக்குக் கதிரே படல. பூஜ்யம். உம்ம கண்ணு உம்ம பரம்பரை சமாச்சாரம்." அதோட விட்டாரா? அடுத்த வாரம் 'வேலைக்குத் தகுதியில்ல'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பதினோரு வருசம் வேலை பாத்தவனை ஒரு மத்தியானத்துல.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். ரிப்போர்ட் மேல லேபோட போன் நம்பர் இருக்கும்லா, மாடிப்படிக்கட்டுல நின்னு போட்டேன். வசுந்தரான்னு ஒரு மேடம் எடுத்தாவ. "யம்மா, நீங்க பூஜ்யம்னு போட்டிருக்கிய, இங்க ஒரு மனுசனுக்குக் கண்ணு போச்சு"ன்னு சத்தம் போட்டேன். அவிய பொறுமையாத்தான் பேசினாவ. "சிஸ்டர், காய்கறிக் கடைத் தராசுல ஒரு கடுகை வச்சா முள் அசையுமா? அசையாது. அதுக்காகக் கடுகுக்கு எடையில்லன்னு ஆயிருமா? எங்க மெசினுக்கும் ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழ எவ்வளவு பட்டிருந்தாலும் எங்களால நிச்சயமாச் சொல்ல முடியாது. அதைப் பூஜ்யம்னு அச்சடிக்கோம். படவே இல்லன்னு அர்த்தமில்ல, எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்"னாவ.

தெரியலன்னா தெரியலன்னு போட வேண்டியதுதான? தமிழ்ல எழுத்துக்கா பஞ்சம்? இங்கிலீசுல பஞ்சமா? தெரியாததுக்கும் இல்லாததுக்கும் ஒரே வட்டத்தைப் போட்டு வச்சா நாங்க என்னத்தக் கண்டோம்? இதையும் கேட்டேன். விடல.

அதோட, அந்த பேட்ஜ் ஏப்ரானுக்குள்ள நெஞ்சுல இருக்கு, கண்ணு வெளியில இருக்கு, நெஞ்சுல பட்டதை வச்சுக் கண்ணுக்குக் கணக்குச் சொல்ல முடியாதுன்னாவ. சரி. பொறவு அந்தம்மா சொன்னாவ, "இருந்தாலும் சிஸ்டர், இவ்வளவு கேஸ் நடக்குத ரூம்ல ஒன்பது பேருக்கும் ஒன்பது வருசமும் சுத்தப் பூஜ்யம்னா அது நடக்காது. எப்பயாவது, யாருக்காவது, கொஞ்சமாவது காட்டியிருக்கணும். அந்த கன்ட்ரோல் பேட்ஜை எங்க வச்சிருக்கிய?"

பெருமையாச் சொன்னேன் யக்கா. பலகையைப் பத்தி, பத்து கொக்கியைப் பத்தி.

அந்தம்மா மெதுவாச் சொன்னாவ. அந்தப் பத்தாவது பேட்ஜ் கதிரே இல்லாத எடத்துல இருக்கணுமாம். ஆபீஸ்ல, வேற மாடியில, எங்கயாவது. மண்ணுல, வானத்துல இருந்து எல்லாருக்கும் இயற்கையாவே கொஞ்சம் படும்லா, அதை மட்டும் அது புடிக்கணும். அது காட்டுதது எவ்வளவோ அதை எங்க ஒவ்வொருத்தர் கணக்குல இருந்தும் கழிச்சுருவாவளாம். நான் என்ன செஞ்சிருக்கேன்? எக்ஸ்ரே மேசைக்கு எதுத்தாப்புல, ஏப்ரானும் இல்லாம, ஒன்பது வருசமா ராப்பகலா தொங்கவிட்டிருக்கேன். எங்க பேட்ஜ் ஈயத்துக்குள்ள இருந்துச்சு. அது அம்மணமா இருந்துச்சு. எங்களைவிட அதுக்குத்தான் அதிகம். அதைக் கழிச்சா? பூஜ்யம்.

"என்னைக் குத்தம் சொல்லுதியளா?"ன்னு கேட்டேன். "இல்ல சிஸ்டர். கன்ட்ரோல் அளவு கூடுதலாக் காட்டுது, வச்சிருக்க எடத்தைப் பாருங்கன்னு பார்சல்ல மஞ்சச் சீட்டு வச்சோமே, ஏழு தடவை. யாரும் பதில் போடல"ன்னாவ.

போனைக் கட் பண்ணிட்டேன்.

மஞ்சச் சீட்டு வந்துச்சு. வரலன்னு சொல்ல மாட்டேன். பொடி எழுத்துல இங்கிலீசுல இருக்கும். பார்சலைப் பிரிக்குதது நாந்தான். ஒரு நாளைக்கு ஏழு கேஸ், எட்டு கேஸ். நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு வாரவனை மேசையில போட்டுட்டு நான் சீட்டை வாசிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? பூஜ்யம் இருக்கான்னு பாப்பேன், சீட்டைக் கிளிப்புல மாட்டிருவேன். அன்னிக்குப் போயி கிளிப்பை எடுத்துப் பாத்தேன். ஆறு இருந்துச்சு. ஒண்ணு எங்கயோ போச்சு. கீழ ஆவுடை தடுப்புக் கண்ணாடி கேட்ட வருசத்துச் சீட்டும் இருந்துச்சு. தேதி பாத்தேன். அவன் கேக்கதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்தது.

மேனேஜர்ட்ட கொண்டுபோயி காட்டினேன். மனுசன் கதவைச் சாத்தினாரு. "சிஸ்டர், இதைக் கிழிச்சுப் போடுங்க. ரிப்போர்ட்ல பூஜ்யம் இருக்கு, அது அப்படியே இருக்கட்டும். ஆவுடையப்பன் கேஸ் போட்டிருக்கான். இது வெளிய போனா அந்த முப்பத்தாறு ரிப்போர்ட்டும் செல்லாது. அப்போ யாரு வேலை போவும்? பேட்ஜை அங்க மாட்டுனது நான் இல்ல"ன்னாரு. பொறவு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுதாரு. முன்னாடியே டைப் பண்ணி வச்சிருக்காரு பாருங்க! ஒருவேளை வெளிய போனா இருக்கட்டும், இதுல கையெழுத்துப் போட்டிருங்கங்காரு. 'எனது கவனக்குறைவால்'னு ஆரம்பிக்குது.

கவனக்குறைவாம்! ஒன்பது வருசத்துல ஒரு நோயாளிக்கு மருந்து மாத்திக் குடுத்திருக்கேனா? ஒரு ஊசி எண்ணிக்கை தப்பியிருக்கா? அந்தத் தடுப்பைச் சரி பண்ணாம ஸ்டோர்ல போட்டவருக்கு என்ன குறைவு? பூஜ்யத்தைப் போர்டுல ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவருக்கு என்ன குறைவு? எங்களைக் கூட்டி வச்சு இது இன்னது, இதை இங்க வைக்கணும்னு ஒரு அரை மணி பாடம் எடுத்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? மன்னிப்பு யாரும் கேக்கணும்னா அந்த ஆளுதான் கேக்கணும்.

கிழிக்கல யக்கா. ஆறு சீட்டையும் டிபன் பாக்ஸ் பைக்குள்ள வச்சு, மேல கைத்துண்டைப் போட்டு, பஸ் ஏறி நேரா முக்கூடல் போயிட்டேன். ஆவுடை முற்றத்துல கருப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருந்தான். ஒரு கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சிருந்துச்சு. அவன் பொண்டாட்டி சண்முகக்கனி வாசிச்சுச் சொன்னா. சீட்டுல என்ன இருக்கு, தேதி என்ன, எல்லாம். நான் பலகை சமாச்சாரத்தைச் சொன்னேன், லேப் மேடம் சொன்னதைச் சொன்னேன், மேனேஜரைக் கிழிகிழின்னு கிழிச்சேன். காப்பி வந்துச்சு. குடிச்சேன். அவன் வாசல் வரைக்கும் வந்து, "இதை நீங்க ஆபீஸ்ல வந்து சொல்லுவியளாக்கா?"ன்னான். சொல்லுவேன்னேன். வேலை போயிரும்லான்னான். போவட்டும்னேன்.

எனக்கு என்ன வருத்தம்னா, வேலையை விட்டுக்குடுத்து இவ்வளவு செய்யுதேன், ஒரு 'ரொம்ப நன்றிக்கா' வரல பாருங்க. அவன் எதுக்கோ காத்துக்கிட்டு நின்ன மாதிரி நின்னான். என்னத்துக்குன்னு எனக்கு அப்பத் தெரியல. சண்முகக்கனி மட்டும் மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா.

அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னதும் மறுநாளே சஸ்பெண்டு. இன்னிக்கு ஆவுடை கேஸ் விசாரணை, நான் சாட்சி. ஆபீஸர் நல்ல மனுசன், வயசாளி. எல்லாம் கேட்டாரு. பலகையை யாரு மாட்டுனது? நான். பத்தாவது பேட்ஜை யாரு அங்க வச்சது? நான். சீட்டை யாரு வாங்குனது? நான். வாசிச்சியளா? இல்ல. ஒவ்வொண்ணுக்கும் நான், நான்னு சொல்லச் சொல்ல தங்கதுரை தலையை ஆட்டிக்கிட்டே இருக்காரு, சந்தோசத்துல. கடைசியில ஆபீஸர் அவரைப் பாத்து, "அப்போ இந்தப் பூஜ்யமெல்லாம் தப்புன்னு நீங்களும் ஒத்துக்கிடுதிய?"ன்னாரு. ஆளு தலையாட்டுததை நிறுத்திட்டாரு. அந்த ஒரு நிமிசத்துக்காக இன்னும் ஒன்பது வருசம் வேலை இல்லாம இருக்கலாம் போல இருந்துச்சு எனக்கு.

அந்த ரிப்போர்ட் எதையும் ஆதாரமா எடுக்க முடியாதுன்னு ஆபீஸர் எழுதிட்டாரு. ஆவுடையை அனுப்புனது செல்லாது. வெளிய ஒரு வேலை குடுக்கணும், ரெண்டாவது கண்ணுக்கும் ஆஸ்பத்திரிதான் பாக்கணும். மத்ததுக்கு அடுத்த தேதி. என் வேலைக்கு அங்க பேச்சு இல்ல. அது வேற.

எல்லாம் முடிஞ்சு, "சாட்சிகிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?"ன்னு ஆவுடைகிட்ட கேட்டாரு. அவன் எந்திரிச்சான். நான் தயாரா நின்னேன். சிரிச்சதைக் கேப்பான், பயம் புடிச்சு ஆட்டுதுன்னு சொன்னதைக் கேப்பான், கேக்கட்டும், எனக்கும் பதில் இருக்குன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"வடிவக்கா, நீங்களும் அதே ரூம்லதான் நின்னிய. உங்க கண்ணைக் காட்டுனியளா?"ன்னான்.

ஆபீஸர், "இது இந்த கேஸுக்குத் தேவையில்லாத கேள்வி"ன்னாரு. "எனக்கு இதுதான் சார் கேக்கணும்"னான். எனக்கு எங்க இருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ! "என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல"ன்னு கத்திட்டேன். அந்த ரூமே திரும்பிப் பாத்துது. தங்கதுரை சொன்ன அதே தொனியில சொன்னேன்னு எனக்கே கேட்டுது.

காட்டல யக்கா. எதுக்குக் காட்டணும்? காட்டுனா ஏதாவது சொல்லுவாவ.

வெளிய வந்தப்போ மரத்தடியில நின்னான். ஒரு டோக்கனைக் கையில திணிச்சான். அதே கண்ணாஸ்பத்திரி, என் பேருக்கு அவனே போட்டு வச்சிருக்கான். வியாழக்கிழமை காலையில பத்து மணி. "யாருல உன்னைக் கேட்டா?"ன்னு ஏசி விட்டேன் நல்லா. "கண்ணுல மருந்து ஊத்துவாவக்கா, ஒரு மூணு மணி நேரத்துக்கு எதுவும் தெளிவாத் தெரியாது, தனியா வர முடியாது. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்"னான். ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு இவன் என்னைக் கூட்டிக்கிட்டுப் போறானாம்!

கல்லிடைக்குறிச்சி தாண்டியாச்சா? அடுத்தது நான் எறங்கணும். போவேன் யக்கா, போகாம என்ன. காலையில இருந்து எத்தனை தடவை 'நான், நான்'னு சொல்லிட்டேன், இன்னும் ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருக்கு, அது மட்டும் நாக்குல ஏற மாட்டேங்கு. முற்றத்துல அவன் நின்னதும் அதுக்குத்தான்னு இப்ப தெரியுது. மருந்து ஊத்தி, அவன் மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியாம இருக்கும்லா, அந்த மூணு மணி நேரத்துக்குள்ள எப்படியும் சொல்லிருவேன்னு நெனக்கேன்.